செகிரோவில் கெனிச்சிரோ: என் கை மந்தமா, கேம் அநியாயமா?

கொக்குவில்_குட்டி | வெள்ளி, இரவு 9.12

அண்ணைமார், அக்காமார், வணக்கம். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன், நேரத்துக்குப் பஞ்சமில்லை. அப்படி எடுத்ததுதான் செகிரோ என்கிற வாள்சண்டைக் கேம். குதிரையில் வருகிற கியோபுவை விழுத்தினேன், சங்கிலி கட்டின ராட்சதனையும் ஒருமாதிரிச் சமாளித்தேன். அஷினா கோட்டை உச்சியில் நிற்கிற கெனிச்சிரோ என்ற பொஸ்ஸிடம்தான் (பெரிய எதிரி) மாட்டுப்பட்டு நிற்கிறேன்.

இதே கம்பனியின் எல்டன் ரிங், டார்க் சோல்ஸ் 3 இரண்டும் முடித்தவன் நான். அங்கே பழகின மாதிரித்தான் இங்கேயும் செய்கிறேன். அவன் வீசும்போது விலகுவது, இரண்டு வெட்டு, பிறகு தூர ஓடி மருந்து குடிப்பது. ஓடினால் அம்பு வருகிறது. அவனுடைய பொஸ்ச்சர் கோடு, அதாவது நிலைகுலைவதைக் காட்டுகிற கோடு, பாதிக்கு மேல் ஏறும், நான் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பழையபடி வெறுமையாக இருக்கும். அப்பா பின்னால் நின்று பார்த்துவிட்டு, “உந்த மனுசன் உனக்கு என்னடா செய்தவன்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

பீஎஸ்4, ஹோலில் உள்ள பெரிய ரீவி. கேள்வி தலைப்பிலேயே இருக்கிறது.

சங்கிலியன்தோப்பு | இரவு 9.20

இரண்டும் இல்லை, பயிற்சி காணாது. இதைச் செய்த ஃப்ரொம்சொஃப்ட்வெயாரின் கேமில் ஈஸி மோட் கிடையாது, தெரிந்துதானே வாங்கினீர்? பாழடைந்த கோவிலில் பயிற்சி தருகிற ஹன்பே நிற்கிறான், அவன் சாகும் வரைக்கும் அவனோடு பழகும். அவன் சாகமாட்டான் என்பது வேறு கதை.

வடமராட்சி_வடை | இரவு 9.24

என்ன செய்தவன் என்றா அப்பா கேட்டவர்? கதையின் தொடக்கத்திலேயே கதாநாயகனின் கையை வெட்டி எறிந்தவன் என்று சொல்லியிருக்கலாமே.

ஆவர்த்தனம் | இரவு 10.05

தம்பி, கை மந்தமில்லை. நீர் செகிரோவுக்குள் இருந்துகொண்டு எல்டன் ரிங் விளையாடுகிறீர், அவ்வளவுதான் கோளாறு.

திரையில் எது இல்லை என்று முதலில் பாரும். பச்சை நிற ஸ்டமினா கோடு இல்லை. வாளை எவ்வளவு வீசினாலும், எவ்வளவு ஓடினாலும் ஓநாய்க்கு (நீர் ஆட்டுவிக்கிற கதாநாயகன்) களைப்பு வராது. மற்றக் கேம்களில் அடித்துவிட்டு ஒதுங்கி நிற்க நாங்கள் பழகினதே அந்தப் பச்சைக் கோட்டால்தான். இங்கே அப்படி ஒதுங்கினால் லாபம் அவனுக்கு. அந்த நேரத்தில் அவன் ஆறிக்கொள்கிறான், அதைத்தான் வெறுமையான கோடாக நீர் பார்க்கிறீர்.

பொஸ்ச்சர் எப்படி ஏறுகிறது என்றால், நீர் வெட்டினால் ஏறும், அந்த வெட்டை அவன் தடுத்தாலும் ஏறும், அவனுடைய வெட்டை நீர் சரியான கணத்தில் எல்1 பட்டனைத் தட்டி டிஃப்லெக்ட் செய்தாலும், அதாவது வாளால் தட்டிவிட்டாலும், ஏறும். நிரம்பினால் சிவப்புப் புள்ளி, ஒரே குத்து. உயிர்க் கோட்டில் எவ்வளவு மிச்சம் என்பது அப்போது கணக்கிலேயே வராது. அப்படியானால் உயிர்க் கோடு எதற்கு? அது நிறைந்திருக்கும் வரைக்கும் பொஸ்ச்சர் கெதியாக இறங்கும், குறையக் குறைய இறங்குவது மந்தமாகும். ஆகவே தொடக்கத்தில் உடம்பில் படுகிற மாதிரிச் சில வெட்டுகள் கொடுத்தேயாக வேண்டும். அவனுடைய உயிர் பாதிக்குக் கீழே வந்துவிட்டால் நீர் ஒரு கணம் தடுமாறினாலும் ஏற்றின பொஸ்ச்சர் கெதியில் இறங்காது.

உமக்கும் அதே சட்டம்தான். எல்1ஐ அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றால் உம்முடைய பொஸ்ச்சர் கெதியாக ஆறும். அது நிரம்பி வழிகிற நிலையில் இருந்தாலும் சரியாகத் தட்டினால் உடையாது, சும்மா பிடித்துக்கொண்டு அடி வாங்கினால்தான் உடையும். மருந்துக்காக ஓடுவதை விட, இரண்டு எட்டு விலகி எல்1ஐப் பிடித்துக்கொண்டு நிற்பது எவ்வளவோ மேல்.

அப்புறம், காதைப் பாவியும். நீர் தொடர்ந்து வெட்டிக்கொண்டு போகும்போது அவன் தடுப்பான். சாதாரணத் தடுப்பு என்றால் மொட்டையான சத்தம். திடீரென்று ஒரு வெட்டுக்கு “டாங்” என்று கூர்மையாகக் கேட்டுப் பொறி பெரிதாகப் பறந்தால், உம்முடைய வெட்டை அவன் டிஃப்லெக்ட் செய்துவிட்டான் என்று அர்த்தம். அடுத்த அடி அவனுடையது. அந்தச் சத்தம் கேட்டவுடனே வெட்டுகிற ஆர்1ஐ விட்டுவிட்டு எல்1க்குப் போகவேண்டும். முக்கால்வாசிப் பேர் அங்கேதான் சாகிறார்கள், இன்னொரு வெட்டு வெட்டலாம் என்ற ஆசையில்.

நான் இணுவிலில் தவில் பழகினவன், எனக்கு இது இரண்டு தவில் எதிரெதிரே இருந்து தனி வாசிப்பது மாதிரித்தான் பட்டது. மற்றவர் வாசிக்கும்போது நீர் சும்மா இருப்பதில்லை, எங்கே முடித்து உம்மிடம் தருவார் என்று எண்ணிக்கொண்டே இருப்பீர். கெனிச்சிரோவுக்கும் அப்படி எண்ணிக்கொண்டு நில்லும்.

லண்டன்_தம்பசிட்டி | இரவு 10.31

அண்ணை சொன்ன பொஸ்ச்சர் கணக்கு முழுக்கச் சரி. ஆனால் தாளம் என்ற இடத்தில் எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. தாளத்தை மட்டும் நம்பினால் கெனிச்சிரோவின் அந்த நீண்ட வீச்சில் செத்துப்போவார்கள். வாளைச் சுழற்றிச் சுழற்றி ஓடிவருகிற அடியைச் சொல்கிறேன். அதில் அடிகளின் இடைவெளி ஒரே சீராக இல்லை, நடுவில் இழுத்து விடுகிறான். நான் கண்ணால்தான் பிடித்தேன், அவனுடைய வலது முழங்கை எப்போது முன்னுக்கு வருகிறது என்று பார்த்து.

பயத்தில் எல்1ஐப் படபடவென்று தட்டாதீர் தம்பி. டிஃப்லெக்ட் ஆகிற நேரம் முதல் தட்டில் தாராளமாக இருக்கும், நெருக்கி நெருக்கித் தட்டினால் அந்த நேரம் ஒவ்வொரு தட்டுக்கும் சுருங்கும். கேம் அதைத் திரையில் எங்கேயும் காட்டாது. ஒரு அடிக்கு ஒரு தட்டு, தட்டினதும் விட்டுவிடும்.

ஆவர்த்தனம் | இரவு 10.38

இழுத்து விடுவதும் தாளத்துக்குள்தான் தம்பசிட்டி, ஒரே சீராக வாசித்தால் யார் கேட்பது? சரி, கண்ணோ காதோ, பிடிபட்டால் காணும்.

கொக்குவில்_குட்டி | சனி, காலை 11.47

நன்றி அண்ணை. விலகுவதைக் குறைத்துப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன், பொஸ்ச்சர் உண்மையாகவே ஏறுகிறது. முதல் தரமாக அவன் பின்வாங்குவதைக் கண்டேன்.

இப்போது பிரச்சினை அந்தச் சிவப்பு எழுத்து. என் தலைக்கு மேலே மின்னுகிறது, சத்தமும் வருகிறது, என்ன செய்வதென்று தெரிவதற்குள் விழுந்து கிடக்கிறேன். சிலவேளை பாய்ந்தால் தப்புகிறேன், சிலவேளை பாய்ந்தால் ஆகாயத்திலேயே குத்துகிறான்.

லண்டன்_தம்பசிட்டி | சனி, மதியம் 12.15

எழுத்தைப் பார்க்காதீர், அது எல்லா ஆபத்துக்கும் ஒன்றுதான். வாளைப் பாரும்.

வாள் பின்னுக்கு இழுபட்டு முனை உம்மைப் பார்த்து நின்றால் குத்து. அதற்கு மிகிரி என்ற எதிரசைவு. ஸ்டிக்கை அவன் பக்கம் தள்ளி, அல்லது சும்மா விட்டுவிட்டு, வட்டப் பட்டன். ஓநாய் வாளை மிதித்து அமத்துவான், பொஸ்ச்சர் ஒரு பெரிய துண்டு ஏறும். இந்தக் கேமிலேயே எனக்கு மிகவும் பிடித்த அசைவு அது. மிகிரி இன்னும் வாங்கவில்லை என்றால் இப்போதே வாங்கும், மற்றத் திறமை எல்லாம் பிறகு. பின்பக்கம் விலகினால் மிகிரி வராது, குத்துத்தான் விழும்.

உடம்பு தாழ்ந்து வாள் பக்கவாட்டில் கீழே போனால் காலை வாருகிற வீச்சு. பாயவேண்டும், பாய்ந்து அவன் தலையில் இன்னொரு தரம் மிதித்தால் அதற்கும் பொஸ்ச்சர். வெறுங்கையால் பிடிக்க வந்தால் பாய்வதும் தடுப்பதும் சரிவராது, ஓடித்தான் தப்பவேண்டும்.

கெனிச்சிரோ உயரப் பாய்ந்து மேலிருந்து ஓங்கி அடிப்பான் அல்லவா? அந்த அடியை டிஃப்லெக்ட் செய்துவிட்டு அசையாமல் நில்லும். அடுத்தது பெரும்பாலும் குத்து அல்லது வீச்சு. இரண்டில் ஒன்றுதான் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் பாதிப் பயம் போய்விடும்.

சங்கிலியன்தோப்பு | சனி, மதியம் 12.22

குத்தை டிஃப்லெக்ட்டும் செய்யலாம். பிடித்துக்கொண்டு நின்றால்தான் உள்ளே போகும். மிகிரிக்குக் கை வராதவர்கள் அப்படிச் செய்யலாம். வீச்சுக்கு அது எடுபடாது.

நாவற்குழி | சனி, பிற்பகல் 2.03

எல்லாரும் கையைப் பற்றியே கதைக்கிறீர்கள். ஹோலில் உள்ள பெரிய ரீவி என்று தம்பி முதல் பதிவிலேயே சொல்லிவிட்டார், அதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

ரீவிகள் படத்தை வடிவாகக் காட்டுவதற்காக ஒவ்வொரு காட்சியையும் உள்ளே வைத்துப் பிசைந்துவிட்டுத்தான் வெளியே விடும். அசைவை மெருகாக்குவது, நிறத்தை ஏற்றுவது, இப்படி. அதில் பத்தில் ஒரு செக்கன் தாமதம் வந்தாலும் கிரிக்கெட் பார்க்கிறவருக்குத் தெரியாது. செகிரோவில் டிஃப்லெக்ட்டுக்குக் கிடைக்கிற நேரமே கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு செக்கன்தான். அதில் பாதியை ரீவி விழுங்கினால் நீர் என்ன செய்வீர்? நீர் பார்க்கிற வாள் ஏற்கெனவே விழுந்துவிட்ட வாள்.

செற்றிங்ஸில் படத்துக்கான பக்கத்தில் கேம் மோட் இருக்கும். சில ரீவிகளில் எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்குப் பெயர் மாற்றுகிற இடத்தில் ஒளித்து வைத்திருப்பார்கள். அதைப் போட்டுவிட்டு, மெருகூட்டுகிறவை எல்லாவற்றையும் அணையும். யாரிடமாவது பழைய கொம்பியூட்டர் மொனிற்றர் கிடந்தால் அதில் ஒருக்கால் கொழுவிப் பாரும், வித்தியாசம் உடனே கையில் தெரியும். பழைய பீஎஸ்4இல் ஃப்ரேமும் ஒரே நிலையாக நிற்காது, அதற்கு ஒன்றும் செய்ய ஏலாது. பீஎஸ்5இல் அதே டிஸ்க் செக்கனுக்கு 60 ஃப்ரேமில் ஓடும்.

வடமராட்சி_வடை | சனி, பிற்பகல் 2.10

ஹோல் ரீவியில் கேம் மோட் போட்டுவிட்டு அம்மா நாடகம் பார்க்கிற நேரத்துக்கு முதல் மாற்றிவிடும். அந்த பொஸ்ஸுக்கு மிகிரி கிடையாது.

கொக்குவில்_குட்டி | சனி, மாலை 5.40

நாவற்குழி அண்ணை, கேம் மோட் இருந்தது! படம் கொஞ்சம் வெளிறித் தெரிகிறது, ஆனால் தட்டுவது தட்டின நேரத்துக்கே படுகிறது. இவ்வளவு நாளும் யாரோடு சண்டை பிடித்தேன் என்றே தெரியவில்லை.

இன்னொன்று. நான் செத்துச் செத்து கேமில் வருகிற ஊராருக்கெல்லாம் இருமல் பிடித்துவிட்டது. கோவிலில் இருக்கிற சிற்பி தாத்தாவும் இருமுகிறார். இவர்கள் செத்துப்போவார்களா? அந்தப் பயத்தில்தான் விளையாட்டை நிற்பாட்டி வைத்திருக்கிறேன்.

ஆவர்த்தனம் | சனி, மாலை 6.02

சாகமாட்டார்கள். அந்த நோயால் அவர்களுடைய கதை முன்னுக்குப் போகாமல் நிற்கும், அவ்வளவுதான். டிராகன் இரத்தத்துளி ஒன்றைச் சிலையில் கொடுத்தால் எல்லாருக்கும் ஒரேயடியாகச் சுகமாகும். அதனால் கெனிச்சிரோவோடு முட்டிக்கொண்டு இருக்கும்போது மருந்தை வீணாக்காமல், அவனை முடித்த பிறகு கொடும். சாகும்போது போகிற பாதிக் காசும் பாதி அனுபவப் புள்ளியும்தான் மெய்யான நட்டம். கோட்டைக்கு ஏறுவதற்கு முதல் கடைக்காரரிடம் காசுப்பை வாங்கிவிடும், பையில் உள்ள காசு செத்தாலும் போகாது.

வல்லைவெளி | சனி, இரவு 8.15

எல்லாம் நல்ல ஆலோசனைதான். ஆனால் மேலே ஒருவர் “ஈஸி மோட் இல்லை” என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார், அதை அப்படியே விட மனமில்லை.

எனக்கு வலது மணிக்கட்டில் பழைய முறிவு. நாள் முழுக்க ஒஃபிசில் தட்டச்சு, இரவில் அரை மணித்தியாலம் கொன்ட்ரோலர் பிடித்தாலே குத்தத் தொடங்கும். பொஸ்ச்சர் விளங்குகிறது, மிகிரி விளங்குகிறது, எங்கே தட்டவேண்டும் என்றும் தெரிகிறது. கை அந்த நேரத்துக்கு வராது. “பயிற்சி காணாது” என்பதற்கு நான் என்ன பதில் சொல்ல?

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கேமைக் கடினமாக்குவதற்கு அவர்களே வழி வைத்திருக்கிறார்கள். மலைக் கோவிலில் பேய்மணியை அடித்தால் எதிரிகள் எல்லாரும் பலமாவார்கள். இரண்டாம் தரம் விளையாடும்போது ஓநாயின் சின்ன எசமான் குரோவின் தாயத்தைத் திருப்பிக் கொடுத்தால், கணம் தப்பித் தடுக்கிற ஒவ்வொரு தடுப்புக்கும் உயிர் குறையும். மேலே ஏற இரண்டு ஏணி வைத்தவர்களுக்குக் கீழே இறங்க ஒன்று வைக்க ஏலாதா?

சங்கிலியன்தோப்பு | சனி, இரவு 8.41

அக்கா, உங்களைக் குறித்து நான் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் ஒரே மலையை ஏறினால்தானே ஏறினதற்கு மதிப்பு? 2019இல் வந்தபோதும் இதே சண்டைதான் இணையம் முழுக்க நடந்தது. அவர்கள் மாற்றவில்லை. அந்த வருடம் த கேம் அவார்ட்ஸில் சிறந்த கேம் விருது அதற்குத்தான் கிடைத்தது, ஒரு கோடிப் பிரதிக்கு மேல் விற்றும் விட்டது. இலகுவாக்கியிருந்தால் இவ்வளவு பேர் இன்றைக்கும் கதைப்போமா?

வல்லைவெளி | சனி, இரவு 8.50

விருது கிடைத்ததற்கு என் மணிக்கட்டா காரணம் தம்பி?

நான் எப்படி முடித்தேன் என்பது உம்முடைய வீட்டு ரீவியில் தெரியப்போவதில்லை. உம்முடைய மதிப்பு எங்கே குறைகிறது?

லண்டன்_தம்பசிட்டி | சனி, இரவு 9.30

அக்கா, கொம்பியூட்டரில் விளையாடுகிறவர்கள் மொட் (ரசிகர்கள் செய்கிற மாற்றம்) போட்டு கேமின் வேகத்தையே குறைக்கிறார்கள். என்னோடு வேலை செய்கிற ஒருவர் அப்படித்தான் கடைசி பொஸ் இஷின் வரைக்கும் போனார். பக்கத்தில் இருந்து பார்த்தேன், அவருடைய முகத்தில் இருந்த பதற்றம் எங்களுடையதை விடக் குறைவில்லை. செலஸ்ட் கேமில் 2018இலேயே வேகத்தைக் குறைக்கிற வசதியைக் கேமுக்குள்ளேயே வைத்தார்கள், அதனால் அந்தக் கேமை யாரும் இலகு என்று சொல்வதில்லை. பீஎஸ்4இல் மொட் போட ஏலாது என்பதுதான் பிரச்சினை.

ஆவர்த்தனம் | ஞாயிறு, காலை 7.20

இரவு எழுதத் தொடங்கிவிட்டு நித்திரையாகிப் போனேன்.

வல்லைவெளி சொல்வதில் நியாயம் இருக்கிறது. சங்கிலியன்தோப்பு பயப்படுவதிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது, அவர் அதைச் சொல்லுகிற விதம்தான் சரியில்லை. எதை இலகுவாக்குகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

வழக்கமான ஈஸி மோட் என்றால் என்ன செய்வார்கள்? எதிரியின் அடியைப் பாதியாக்குவார்கள். செகிரோவில் அதைச் செய்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடி நோகாவிட்டால் ஒருவரும் டிஃப்லெக்ட் செய்யமாட்டார்கள். வாங்கிக்கொண்டே வெட்டுவார்கள். டிஃப்லெக்ட் இல்லையென்றால் பொஸ்ச்சர் அரைகுறையாக ஏறும், ஓடி மருந்து குடித்தால் இறங்கிவிடும். கடைசியில் ஒவ்வொரு பொஸ்ஸின் உயிர்க் கோட்டையும் கீறிக் கீறித் தேய்க்கவேண்டும். இலகுவாக இருக்கும், ஆனால் சரியான அலுப்பாக இருக்கும், இந்தக் கேமில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். தம்பி முதல் பதிவில் சொன்னதே கிட்டத்தட்ட அந்த விளையாட்டுத்தான்.

அதே நேரம் டிஃப்லெக்ட்டுக்குக் கிடைக்கிற நேரத்தை இரண்டு மடங்காக்கிப் பாருங்கள், அல்லது முழுக் கேமையும் கொஞ்சம் மெதுவாக்கிப் பாருங்கள். சண்டை அப்படியே இருக்கும். குத்து குத்துத்தான், வீச்சு வீச்சுத்தான், பக்கத்தில் நின்றே தீரவேண்டும். இவர்கள் செய்திருக்கவேண்டியது அது. நாவற்குழி சொன்ன ரீவி விஷயத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். நல்ல மொனிற்றர் வைத்திருக்கிறவனுக்கும் ஹோல் ரீவியில் விளையாடுகிறவனுக்கும் இப்போதே இரண்டு வேறு கேம்தான் கிடைக்கிறது. ஒரே மலை என்பது எங்கே இருக்கிறது?

சங்கிலியன்தோப்பு | ஞாயிறு, காலை 9.05

ரீவிக் கணக்கில் என்னை மடக்கிவிட்டீர்கள். வேகம் குறைப்பதென்றால் எனக்கு ஆட்சேபனை இல்லை, அடியைக் குறைப்பதென்றால் இப்போதும் ஏற்கமாட்டேன்.

கேமுக்குள்ளேயே சில கைப்பிடிகள் உண்டு அக்கா, ஈஸி மோட் என்று பெயர் போடவில்லை. பட்டாசு, அஷினா வெளிப்புறத்தில் 500 சென்னுக்கு (கேமின் காசு) வாங்கலாம், சிற்பியிடம் கொடுத்தால் ஓநாயின் பொய்க்கையில் பொருத்துவார். கெனிச்சிரோவுக்கு முன்னால் கொளுத்தினால் அவன் திகைக்கிற நேரத்தில் இரண்டு மூன்று வெட்டு இலவசம், கைக்கும் கொஞ்சம் ஓய்வு. செபமணி நான்கு சேர்த்தால் உயிரும் பொஸ்ச்சரும் கூடும், நிறையப் பேர் இரண்டு மூன்றைத் தவறவிட்டுவிட்டுத்தான் கோட்டைக்கு ஏறுகிறார்கள். சண்டைக்கு நடுவில் பௌஸ் பண்ணவும் விடுகிறார்கள், சோல்ஸ் கேம்களில் அதுவும் கிடையாது. கை குத்தினால் நிற்பாட்டிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம்.

வல்லைவெளி | ஞாயிறு, காலை 9.48

இது உருப்படியான பதில். பட்டாசை இன்றைக்கே வாங்குகிறேன்.

எனக்கு உதவினதையும் சொல்கிறேன், வேறு யாருக்காவது கை நோ இருந்தால். பீஎஸ்4இன் செற்றிங்ஸில் அக்ஸஸிபிலிற்றி என்ற பக்கத்தில் பட்டன்களை இடம் மாற்றலாம். ஆர்1ஐயும் எல்1ஐயும் மாற்றிப் போட்டுவிட்டு, வெட்டுவதற்கு இடது விரலையும் தட்டுவதற்கு வலது விரலையும் வைத்தேன். வெட்டுத்தான் ஓயாமல் அழுத்துகிற வேலை, தட்டுவது ஒரு அடிக்கு ஒரு தரம். நோகிற கைக்கு வேலை பாதியாகக் குறைந்தது. பழகும் வரைக்கும் விசர் பிடிக்கும், பேந்து சரிவரும்.

வடமராட்சி_வடை | ஞாயிறு, காலை 10.30

வேகத்தைக் குறைப்பதற்கு மொட் எதற்கு? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது எங்கள் எல்லாருடைய கேமும் நல்ல மெதுவாகத்தான் ஓடினது.

கொக்குவில்_குட்டி | ஞாயிறு, மாலை 4.18

அண்ணை, அவனுடைய இரண்டு சிவப்புப் புள்ளியையும் எடுத்தேன்! முடிந்தது என்று எழும்பி நிற்கிறேன், அவன் மேலாடையைக் கழற்றிவிட்டு மின்னலோடு வருகிறான். இது யாரும் சொல்லவில்லையே. தடுத்தாலும் மின்னல் உள்ளே போகிறது.

லண்டன்_தம்பசிட்டி | ஞாயிறு, மாலை 4.45

பயப்படாதீர், மூன்றாவது கட்டம் உண்மையில் ஒரு பரிசு. அவன் மின்னலோடு உயரப் பாய்கிறபோது நீரும் பாயும். ஆகாயத்தில் இருக்கும்போது மின்னலை வாங்கும், கால் நிலத்தில் படுவதற்கு முதல் ஆர்1. மின்னல் அவனுக்கே திரும்பிப் போகும், நிறைய உயிர் போய் விறைத்து நிற்பான், ஓடிப்போய் வெட்டலாம். நிலத்தில் நின்று வாங்கினால்தான் ஆபத்து. ஆர்1ஐ முந்தி அழுத்தாதீர், மின்னல் உம்முடைய வாளில் ஏறினதைக் கண்ட பிறகு அழுத்தும். தடுக்க நினைக்கிற பழக்கத்தை அந்த ஒரு அடிக்கு மட்டும் மறவும்.

மற்ற அடிகள் எல்லாம் நீர் ஏற்கெனவே பழகினவைதான். குத்து வந்தால் மிகிரி.

சங்கிலியன்தோப்பு | ஞாயிறு, மாலை 4.52

முடித்த பிறகு அவனோடு திரும்பவும் மோத ஆசை வந்தால் அதற்கும் வழி உண்டு. 2020 கடைசியில் வந்த அப்டேற்றுக்குப் பிறகு சிலைகளில் பழைய பொஸ்களோடு மறுபடி சண்டை பிடிக்கலாம். இப்போது வேண்டாம், பிறகு.

வடமராட்சி_வடை | ஞாயிறு, மாலை 5.01

கெனிச்சிரோவுக்குப் பிறகு கேம் இலகு என்று எங்கேயோ வாசித்தேன், மெய்யா?

நாவற்குழி | ஞாயிறு, மாலை 5.09

உம்முடைய கை அதற்குள் பழகிவிடும், அதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அங்கால் ஒரு குரங்கு இருக்கிறது.

ஆவர்த்தனம் | ஞாயிறு, மாலை 5.15

நாவற்குழி, குரங்கைப் பற்றி இங்கே வாய் திறக்கவேண்டாம், தம்பி இன்னும் காணவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன் குட்டி: முடித்துவிட்டாய் என்று திரையில் பெரிய எழுத்தில் வந்தாலும் மருந்துச் சுரைக்காயைக் காலியாக்கிவிட்டு நிற்காதே. மிச்சத்தை அங்கே போன பிறகு புது இழை திறந்து கேளும்.